செத்த பிறகு திறக்கும் பை

அலுவலகப் பேருந்தில் ஆடுவதற்கென்றே போனில் ஒரு கேம் வைத்திருக்கிறேன்: ஷாட்டர்ட் பிக்சல் டஞ்சன். போன வாரம் எட்டாவது தளத்தில், சங்கிலி வீசி இழுக்கும் சிறைக் காவலாளியிடம் மாட்டிச் செத்தேன். செத்ததும் பையைத் திறந்து பார்த்தேன். அதுவரை பெயர் தெரியாமல் இருந்த பொருள்களுக்கெல்லாம் பெயர் வந்திருந்தது. "அப்புறம் குடிச்சுப் பார்த்துக்கலாம்" என்று மூன்று தளங்களாகச் சுமந்து வந்த நீல மருந்து, காயம் ஆற்றும் மருந்து!

எனக்கு இந்த கேமில் ரொம்பப் பிடித்த இடமே இதுதான்.

ரோக்லைக் வகைக்குப் பெயர் கொடுத்தது 1980-இல் வந்த ரோக். படமே கிடையாது, சுரங்கம் முழுக்க எழுத்தும் குறிகளும்தான். ஒவ்வொரு ஆட்டத்திலும் சுரங்கம் புதிதாக உருவாகும். செத்தால் செத்ததுதான். சேமித்த ஆட்டத்தைத் திறந்த உடனே அந்த ஃபைல் அழிந்துவிடும், பழைய இடத்துக்குத் திரும்ப வழியில்லை. 2012-இல் ஒலெக் டோல்யா இந்த இலக்கணத்தை போனுக்கு ஏற்றபடி பிக்சல் டஞ்சனாகச் செய்தார். பிறகு அவர் மூல நிரலைத் திறந்துவிட, 2014-இல் இவான் டெபன்ஹாம் அதிலிருந்து கிளைத்ததுதான் ஷாட்டர்ட்.

போனுக்கு இது ஏன் பொருந்துகிறது? நீங்கள் தொடாதவரை எதிரியும் நகராது. கால் வந்தால் பேசிவிட்டு வரலாம், இறங்கும் இடம் வந்தால் அப்படியே பையில் போட்டுக்கொள்ளலாம்.

குறையும் அதே தொடுதலில்தான் இருக்கு. ஹீரோ நடக்கும்போது எதிரி கண்ணில் பட்டால் தானாக நின்றுவிடுவார். அந்த நொடியில் பேருந்து குலுங்கி விரல் இன்னொரு கட்டத்தில் பட்டால், நேரே எதிரியின் வாயில். மீள முடியாத சாவு என்று வைத்தால் அது என் முடிவால் வந்த சாவாக இருக்கணும். விரல் தடித்ததால் வந்த சாவில் கத்துக்க என்ன இருக்கு?

ஆனால் என் சாவுகளை யோசித்துப் பார்த்தால், விரல் செய்த தப்பு கொஞ்சம்தான். பெரும்பாலும் பயம். மருந்து விஷவாயுவாகவோ தீயாகவோ இருந்துவிடுமோ என்ற பயம். சரியான வழி, எதிரி இல்லாத நேரத்தில், தண்ணீர் பக்கத்தில் நின்று குடித்துப் பார்ப்பது. தீப்பிடித்தால் தண்ணீரில் இறங்கி அணைத்துக்கொள்ளலாம். இது எனக்கு நல்லாவே தெரியும். தெரிந்தும் தள்ளிப்போட்டேன்.

எத்தனையோ மொபைல் கேம்களில் செத்த உடனே "விளம்பரம் பாருங்க, உயிர் தருகிறோம்" என்று ஒரு பட்டன் வரும். ஷாட்டர்டிலும் உயிர்த்தெழ அங்க் என்ற பொருள் உண்டு, ஆனால் அதைச் சுரங்கத்துக்குள்ளேயே சம்பாதிக்கணும். விளம்பரப் பட்டன் இங்கே இருந்திருந்தால் முப்பது நொடியில் எழுந்து ஓடியிருப்பேன். பையைத் திறந்தே பார்த்திருக்க மாட்டேன்.

அடுத்த ஆட்டத்தில் அதே நீல மருந்து வேறொன்றாக மாறியிருக்கும், அதனால் நிறத்தை மனப்பாடம் செய்து பிரயோஜனமில்லை. கூட வருவது ஒன்றுதான்: தள்ளிப்போடாதே. நேற்று இரண்டாம் தளத்திலேயே, தண்ணீரை ஒட்டி நின்று, கையில் இருந்ததைக் குடித்தேன். விஷவாயு. மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவை நோக்கி ஓடினேன். பிழைத்துவிட்டேன்.