கம்பின் நீளமும் பகடையின் முகமும்

மேசையில் பகடை உருட்டி ஆடும் கற்பனைப் போர் விளையாட்டுகளில் ஐம்பது ஆண்டுகளாகத் தீராத வழக்கு ஒன்று இருக்கிறது. மூன்றடி உயர ஹாஃப்லிங்கும் ஏழடிக்கு மேல் வளர்ந்த அரக்கனும் ஒரே வகை ஆயுதத்தோடு களமிறங்கினால் விதி எதை மாற்ற வேண்டும்? அடியின் வலுவையா, குறியையா, எட்டும் தூரத்தையா? பெருங்குடியில் வார இறுதிகளில் நாங்கள் கூடும் மேசையில் இந்த வாதம் ஆட்டத்தையே நிறுத்தும் அளவுக்குப் போவதுண்டு. விதிநூல்கள் இதை எப்படித் தீர்த்தன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. உரைகல்லாக எடுத்துக்கொண்டது சிலம்பத்தை. ஆளுக்கும் ஆயுதத்துக்கும் உள்ள பொருத்தத்தை உடம்பால் கற்றுத்தரும் கலை நம் ஊரிலேயே உயிரோடு இருக்கிறது.

சிலம்பம் கற்கவரும் பிள்ளைக்குக் கம்பு அவர் உயரத்துக்கு அளந்தே தரப்படுகிறது. நிமிர்ந்து நின்றால் நுனி நெற்றியைத் தொடவேண்டும். சில பரம்பரைகளில் புருவ மட்டம். வளர்ந்த ஆளுக்கு அது ஏறத்தாழ ஐந்தரை அடி. நீளம் மிகுந்தால் சுழற்றும்போது நுனி தரையில் தட்டும், மணிக்கட்டு பின்தங்கும், காலடி குலையும். குறைந்தால் எதிராளியின் வீச்சுக்குள் நுழையாமல் அவரைத் தொடவே முடியாது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. அதன் தொடுமுறைப் போட்டியில் புள்ளி கிடைப்பது தொட்டதற்குத்தான், பலமாக அடித்ததற்கு அல்ல. கம்பைத் தவிர மூன்றடிச் செடிக்குச்சி, மான்கொம்பு, சுருள்வாள் என்று பிற ஆயுதங்களும் உண்டு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு தூரத்துக்கானது. சுருள்வாள் சுழலும் வட்டத்துக்குள் தோழனும் நிற்க முடியாது. ஆக, இங்கே அளவு என்றால் முதலில் தூரம், அடுத்து இடம், பிறகு பிடி. வலு கடைசியில்தான் வருகிறது.

விளையாட்டு உலகம் நேர் எதிர்த்திசையிலிருந்து தொடங்கியது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் எல்லா ஆயுதத்துக்கும் ஒரே அறுமுகப் பகடை. கத்தியாலும் கோடரியாலும் விளையும் சேதத்தில் வேறுபாடே இல்லை. 1975இல் வந்த கிரேஹாக் துணைநூல் ஆயுதத்துக்கு ஏற்ற பகடையைக் கொண்டுவந்தது. 1978இன் ஆட்டக்காரர் கைநூலில் அந்த அட்டவணை முழுமை பெற்றது. ஆள் அளவு எதிரிமேல் நீள்வாளின் சேதம் 1 முதல் 8. பேருருவங்கள்மேல் 1 முதல் 12. இருகை வாளுக்கு முறையே 1 முதல் 10, 3 முதல் 18. குத்துவாளின் உச்ச சேதமோ பேருருவத்தின்முன் 4இலிருந்து 3ஆகக் குறைகிறது. தடித்த உடலுக்குள் சிறு அலகு ஆழம் போகாது என்ற கணக்கு இதில் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் இது. அதே நூலில் ஆயுதத்தின் நீளத்துக்கும், அதை வீசத் தேவைப்படும் இடத்துக்கும் தனித்தனிப் பத்திகள் இருந்தன. இருகை வாளுக்கு ஆறடி இடம் வேண்டும். குறுகிய சுரங்கப்பாதையில் யார் எதை எடுக்கலாம் என்பதை அந்த ஓர் எண்ணே முடிவுசெய்துவிடும். சிலம்பம் ஆடியவர்கள் முதலில் பார்க்கக்கூடிய பத்தி அதுதான். பல மேசைகள் அதைக் கண்டுகொள்ளவில்லை. 1989இன் இரண்டாம் பதிப்பு அட்டவணையில் அது இல்லை.

அதன்பின் 2000, 2003 ஆகிய இரு ஆண்டுகளில் வந்த பதிப்புகள்தான் வாதத்தின் உச்சம். 2000இன் மூன்றாம் பதிப்பில் அளவு ஆயுதத்துக்கே உரியது. நீள்வாள் நடுத்தர அளவு. மனிதன் ஒரு கையில் பிடிப்பான், ஹாஃப்லிங் அதே வாளை இரு கையால் பிடிப்பான். 2003இல் வந்த திருத்தப் பதிப்பு இதை மாற்றி, ஒவ்வோர் ஆயுதமும் ஓர் உடலளவுக்கென்று செய்யப்பட்டது என்றது. ஹாஃப்லிங்கின் நீள்வாளுக்கு அறுமுகப் பகடை, மனிதனுடையதற்கு எண்முகப் பகடை, அரக்கனுடையதற்கு இரண்டு அறுமுகப் பகடைகள். அளவு பொருந்தாததை எடுத்தால் ஒவ்வொரு படிக்கும் குறியில் 2 குறையும். புதையலில் கிடைத்த மந்திர வாள் ஹாஃப்லிங்குக்குப் பயன்படாமல் போனபோது மேசைகளில் எழுந்த மனத்தாங்கல் நியாயமானது. ஆனாலும் இரண்டில் 2003இன் விதியே சரி என்பேன். பிடி கைக்குப் பொருந்தவேண்டும் என்பது கற்பனை அல்ல.

இதற்குச் சான்று எழும்பூரில் இருக்கிறது. 1851இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகத்துக்கு, மராத்திய அரசு முடிந்தபின், 1860களில் தஞ்சை அரண்மனை ஆயுதசாலையின் படைக்கலங்கள் வந்துசேர்ந்தன. தென்னிந்திய ஆயுதங்களை ஆராய்ந்த ராபர்ட் எல்குட் 2004இல் வெளியிட்ட நூலில் இந்தத் தஞ்சைத் தொகுப்பு விரிவாகப் பேசப்படுகிறது. அங்கே கட்டாரிகளைப் பாருங்கள். இரு பக்கச் சட்டங்களுக்கு நடுவே குறுக்குப் பிடி. முஷ்டி அதற்குள் அடங்கவேண்டும். பெரிய கை உள்ளே போகாது. சிறிய கைக்குள் பிடி ஆடும், குத்து விலகும். உடலளவுக்கும் ஆயுதத்துக்கும் உள்ள உறவை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பொருளை நான் பார்த்ததில்லை.

2014இன் ஐந்தாம் பதிப்பு எல்லாவற்றையும் சுருக்கியது. சிற்றுருவங்கள் கனத்த ஆயுதம் எடுத்தால் இரு பகடை உருட்டிக் குறைந்ததைக் கொள்ளவேண்டும். பேருருவப் பூதங்களுக்கு ஆயுதப் பகடை இரட்டிப்பு. 2024இன் திருத்தத்தில் கனத்த ஆயுத விதியிலிருந்து உருவம் நீங்கி, வலிமையோ லாகவமோ 13 இருக்கவேண்டும் என்பதாயிற்று. ஆட்டம் வேகமாகிறது, மறுக்கவில்லை. ஆனால் நீள்கம்புக்கும் குத்துவாளுக்கும் எட்டும் தூரம் அதே ஐந்தடி என்பதை ஏற்க முடியவில்லை. மூன்றடி ஹாஃப்லிங்கின் நெற்றிவரை அளந்தால் கம்பு இரண்டே முக்கால் அடிதான் வரும். அது மனிதன் கையில் செடிக்குச்சி. விதியோ இருவருக்கும் ஒரே கம்பையும் ஒரே பகடையையும் தருகிறது.

உண்மைக்கு மிக அருகில் போனது ரூன்க்வெஸ்ட். 1978இல் கேயாசியம் வெளியிட்ட அந்நூலில் உருவம் ஒரு தனிப் பண்பு. ஒருவரின் லாகவம், உருவம், ஆயுதத்தின் நீளம் மூன்றும் சேர்ந்து, யார் முதலில் அடிப்பது என்பதை முடிவுசெய்கின்றன. உயர்ந்தவனும் நீண்ட ஆயுதக்காரனும் முந்துவார்கள். அதை வடிவமைத்தவர்களில் முதன்மையானவரான ஸ்டீவ் பெரின், 1966இல் பெர்க்லியில் உருவான இடைக்காலப் போர்க்கலைச் சங்கத்தின் தொடக்ககால உறுப்பினர். அவர்கள் சண்டையிட்டது பிரம்பால். நம் ஆசான்கள் கையிலும் இருக்கும் அதே பிரம்பு. அடி வாங்கிய தோளிலிருந்து வந்த விதி அது என்று நான் நம்புகிறேன்.

ஸ்டீவ் ஜாக்சனின் குர்ப்ஸ் 1986இல் வந்தது. அதில் ஒவ்வோர் ஆயுதத்துக்கும் குறைந்தபட்ச வலிமை உண்டு. குறைந்தால் திறன் குறையும். 2004இன் நான்காம் பதிப்பில் நீள்கம்பு இரண்டு கெஜம்வரை எட்டும், தடுப்பதில் 2 புள்ளி கூடும். கம்பு முதலில் காக்கும் கருவி என்பதைப் புரிந்துகொண்ட ஒரே பெரிய விதிநூலாக இதையே சொல்வேன். கணக்கு மிகுதி என்பதால் புதியவர்கள் மிரள்கிறார்கள், அது இழப்பு.

சேதத்தை மட்டும் மாற்றும் விதி உருவத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை என்பதே என் தீர்ப்பு. மேசையை நடத்தும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆட்டத்தில் சேதப் பகடையைத் தொடாமல் மூன்றை மட்டும் மாற்றுங்கள்: நெற்றிவரை அளந்த கம்புக்குப் பத்தடி எட்டும் தூரம், நீண்ட ஆயுதத்துக்கு முதல் அடி, குறுகிய இடத்தில் அதே நீளத்துக்குத் தண்டனை. அதற்குமுன் ஒருமுறை எழும்பூருக்குப் போய்க் கட்டாரிப் பிடிகளைப் பாருங்கள். பக்கத்தில் சிலம்பம் சொல்லித்தரும் ஆசான் இருந்தால் ஒரு கம்பை அளந்து வாங்குங்கள். எங்கே விதி உடைகிறது என்று எழுதுங்கள், சேர்ந்து திருத்துவோம்.