ஒப்புமை மட்டும் சான்றாகுமா?

சென்ற இதழில் நண்பரொருவர் மனிதனின் கை, திமிங்கிலத்தின் துடுப்பு, வௌவாலின் சிறகு மூன்றையும் அருகருகே வைத்து, "ஒரே என்புகள், ஆகவே ஒரே மூதாதை" எனக் கூர்ப்பை நிறுவியிருந்தார். முடிவில் எனக்கு முரண்பாடில்லை. அந்த 'ஆகவே'தான் சிக்கல். (விலங்கியல் படிப்பித்த காலத்தில் நான் கரும்பலகையில் எத்தனையோ தடவை வரைந்த படந்தான் இது.)

புயவென்பு ஒன்று, அதன்கீழ் ஆரை, அரந்தி என இரண்டு, பின் மணிக்கட்டின் சிறு என்புகள், விரல்கள். இவ்வொழுங்கை விரிவாக ஆராய்ந்து 1849 இல் தனிநூலே எழுதியவர் றிச்சர்ட் ஓவன். அவர் அதில் கண்டது மூதாதையை அல்ல, ஒரு மூலமாதிரியை. 1860 இல் டார்வினின் நூலைக் கடுமையாகத் தாக்கியவரும் அவரே. அதே என்புகள்தான்! பின்வந்த பாடநூல்கள் பலவோ 'பொது மூதாதையிடமிருந்து வந்தவையே அமைப்பொத்த உறுப்புகள்' என வரைவிலக்கணம் தந்து, பிறகு அவற்றையே பொது மூதாதைக்குச் சான்றாக்கின. நண்பரும் இந்த வட்டத்துக்குள்தான் சுற்றுகிறார்.

நான் வேலைசெய்யும் தொழிற்சாலையில் மூன்றுவகை இயந்திரங்களுக்கு ஒரே அளவு போல்ட். அவை உறவினர்களல்ல, செய்தவனுக்கு அது மலிவு, அவ்வளவே. "படைத்தவனும் அப்படிச் செய்திருக்கலாந்தானே?" என்று சாப்பாட்டு இடைவேளையில் ஒரு பெடியன் கேட்டான். நண்பரின் கட்டுரையில் அவனுக்குப் பதிலில்லை.

ஒப்புமை தேவையை மீறி நிற்கும் இடங்களில்தான் பதில் இருக்கிறது. சுறாவும் டொல்பினும் ஒரே கடலில் நீந்துபவை. சுறாவின் செட்டைக்குள் கசியிழையக் கோல்கள். டொல்பினின் துடுப்புக்குள்ளோ முழங்கை மடங்காத ஒரு கை. நீந்துவதற்குக் கை எதற்கு?

இதைவிட வலுவானது குரல்வளை நரம்பு. மூளையிலிருந்து குரல்வளைக்குச் சிறிது தூரந்தான். ஆனால் இடப்பக்க நரம்பு நெஞ்சுக்குள் இறங்கி, பெருநாடியைச் சுற்றி, மீண்டும் மேலேறுகிறது. ஒட்டகச்சிவிங்கியில் இந்த வீண்பயணம் பல மீற்றர். மீனில் இதற்கு நிகரான நரம்பு, நாடிக்குப் பின்னால், செவுளுக்கு நேராகவே போகிறது. வழிவழியாகக் கழுத்து நீண்டு இதயம் கீழே போனபோது, நாடியில் கொளுவியிருந்த நரம்பும் கூடவே இழுபட்டது.

புதிதாக இயந்திரம் வரைபவன் வயரை இப்படி இழுக்கமாட்டான். ஒருநாளும் நிறுத்தாமல், ஓட ஓடவே திருத்தப்பட்ட பழைய இயந்திரத்தில்தான் இப்படி நேரும். நண்பர் அடுத்த பகுதி எழுதுவாராயின், படத்தை விட்டுவிட்டு இந்த நரம்பிலிருந்து தொடங்கட்டும்.