பரணிக்குப் பிறகு

செய்யூர் வட்டத்து இடைக்கழிநாடு, சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனாரின் நாடு. பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே பசியோடு வருகிறவனுக்கு வள்ளலிடம் போகும் வழியைச் சொல்வது ஆற்றுப்படை. நல்ல மதிப்புரை செய்கிற வேலையும் அதுதான். அதே இடைக்கழிநாட்டுக் கடப்பாக்கத்தில், 1760இல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்துத் தகர்த்த ஆலம்பரைக் கோட்டை, போரின் மிச்சமாய், செங்கற் சுவராக நிற்கிறது. போரை எழுதிய நாவல்களுக்கும் அப்படி வழிசொல்லும் மதிப்புரை வேண்டும்.

போரைப் புகழத் தமிழுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. பரணி என்றே ஓர் இலக்கிய வகை வைத்திருக்கிறோம். கல்கி 1944இல் தொடராக எழுதத் தொடங்கிய ‘சிவகாமியின் சபத’த்தில் வாதாபி எரிகிறது. வாசகர் மனத்தில் தங்கியதோ சபதம்தான், எரிந்த ஊர் அல்ல.

எரிந்த ஊரைப் பார்த்துவிட்டு வந்து எழுதியவர் ப. சிங்காரம். சிங்கம்புணரிக்காரர்; பிழைக்கப் போன சுமாத்திராவின் மேடானில் ஜப்பானியர் ஆட்சியைக் கண்டு, போர் முடிந்தபின் ஊர் திரும்பி மதுரையில் ‘தினத்தந்தி’யில் வேலை பார்த்தவர். ‘புயலிலே ஒரு தோணி’ 1972இல் அச்சானபோது கவனித்தவர் சொற்பம். எண்பதுகளில் விமர்சகர் சி. மோகன் அதைத் தமிழின் தலையாய நாவல்களுள் வைத்து எழுதினார். பின்னர் ஜெயமோகன், ந. முருகேசபாண்டியன் போன்றோர் தொடர்ந்தனர். 1997இல் சிங்காரம் மறைந்த பிறகே நாவல் பரவலாகப் பேசப்பட்டது. நாயகன் பாண்டியன் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்கிறான், சாகசமும் செய்கிறான். ஆனால் கதை பரணி பாட மறுக்கிறது. குடித்தபடி நண்பர்கள் தமிழ்ப் பெருமையைக் கேலிசெய்யும் இடங்களில் பழம்பாட்டின் ஓசையே கேலிக்குக் கருவியாகிறது. மதுரைத் தெருவும் மேடான் தெருவும் ஒரே நினைவில் ஓடுகின்றன. நாவலின் பலம் இந்த மொழியில் இருக்கிறது. களச் செய்திகளில் அல்ல.

சிங்காரத்தைப் போலன்றி, ஈழப்போர் நாவல்களுக்கு வாசகர்கள் உடனே கிடைத்தார்கள். கூடவே வேறொரு சிக்கலும் வந்தது. பாராட்டுகிறவர் ‘சாட்சியம்’ என்கிறார். ஏசுகிறவர் ‘சார்பு’ என்கிறார். இருவரும் கேட்பது, ‘எழுதியவர் எந்தப் பக்கம்?’ புத்தகத்தின் எந்தப் பக்கம் என்று கேட்டிருந்தால் உரையாடல் வேறாகியிருக்கும். ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ (2001) அகதி விண்ணப்பத்தையும் அடிக்குறிப்பையும் கதைக்குள் இழுத்து வந்தது. ஆவணத்தின் தோரணையைக் கொண்டே ஆவணத்தைக் கிண்டலடித்தது. அதை வெறும் சாட்சியம் என்று புகழ்ந்தால் பாதி நாவல் காணாமல் போகும். குணா கவியழகனின் ‘நஞ்சுண்டகாடு’ பயிற்சி முகாமின் அன்றாடத்திலேயே நிற்கிறது. சயந்தனின் ‘ஆதிரை’ (2015), வன்னியில் குடியேறிய மலையகத் தமிழரையும் போர் முடிந்த முள்ளிவாய்க்கால்வரை கூட்டிச் செல்கிறது. தமிழ்நதியின் ‘பார்த்தீனியம்’ இந்திய அமைதிப்படைக் காலத்தைப் பேசுகிறது. தமிழ்நாட்டு வாசகருக்கு அது அவ்வளவு சௌகரியமான வாசிப்பு இல்லை.

ஈழப்போரை ஆங்கிலத்தில் எழுதும் தமிழர்களுக்குப் பரிசுகளும் வந்தன. அனுக் அருட்பிரகாசத்தின் ‘எ பாஸேஜ் நார்த்’ 2021இல் புக்கர் குறும்பட்டியலில் இடம்பிடித்தது. வி.வி. கணேசானந்தனின் ‘பிரதர்லெஸ் நைட்’ 2024இல் பிரிட்டனின் பெண்கள் புனைகதைப் பரிசை வென்றது. அதில் கதைசொல்லும் யாழ்ப்பாண மருத்துவ மாணவி சசி, அவ்வப்போது கதையை நிறுத்தி, படிப்பவரை நேரடியாக விளித்து, ‘நீங்களாக இருந்தால்?’ என்கிற தொனியில் பேசுகிறாள்.