குன்றுதோறாடலும் நகரத்து ஆடலரங்கும்

திருமுருகாற்றுப்படையின் ஐந்தாம் பகுதி குன்றுதோறாடல் எனப் பெயர்பெறும். அதற்குரிய தலமாகத் திருத்தணிகையைக் கொள்ளுதல் வழக்கு. இரத்தின சபையாகிய திருவாலங்காடும் இத்தணிகைக்கு அணித்தேயுள்ளது. ஆடலாற் சிறந்த இந்நிலத்தே இறைவன் திருமுன் ஆடிவந்த மகளிர் மரபை ஆராய்ந்தெழுந்த நூல், நெதர்லாந்து நாட்டறிஞர் சாஸ்கியா கெர்சன்பூம் அம்மையார் 1987-ல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘நித்தியசுமங்கலி’. தணிகைக் கோயிலிற் பணிசெய்த பி. ரங்கநாயகி அம்மையாரிடம் நேரிற் கேட்டறிந்த செய்திகள் அந்நூற்கு உயிராவன. அம்முயற்சி நன்றியோடு போற்றற்பாலது. ஆயினும் அதன் தலைமைக் கொள்கை சித்தாந்த நெறிநின்று ஆராயத்தக்கது.

தெய்வத்தை மணந்தவள் கைம்மை எய்தாள். ஆதலின் என்றும் மங்கலமுடையாள். தெய்வ ஆற்றலோ நன்மையும் தீமையும் விரவியது. அதனைச் சமன்செய்தற்கு அவளே உரியள். கும்பாரத்தி சுற்றிக் கண்ணேறு கழித்தல் அதன்பொருட்டே. இஃது அந்நூற்கருத்தின் சுருக்கம்.

வழிபடுவோர் நம்பிக்கையை எடுத்துரைத்ததாக இதனைக் கொள்ளின் தடையில்லை. முதல்வனது இயல்பை உரைத்ததாகக் கொள்ளின் பொருந்தாது. முதல்வன் இயல்பாகவே பாசங்களின் நீங்கியவன் என்பது சித்தாந்தத் துணிபு. அவன்மாட்டுக் கழித்தற்குரிய தீமை யாது? அழித்தலும் மறைத்தலும் கொடியனபோலத் தோன்றினும், அழித்தல் உயிர்களின் இளைப்பொழித்தற்கும் மறைத்தல் மலபரிபாகம் வருவித்தற்கும் உரியன. ஆதலின் அவை மறக்கருணையாம். நோயுற்ற கண்ணுக்கு ஞாயிற்றொளி துன்பஞ்செய்தலான் ஒளி தீயதாதலில்லை.

அங்ஙனமாயின் கும்பாரத்தி பயனிலதோ எனின், அற்றன்று. திருமஞ்சனம் ஆட்டுதல் இறைவன்பால் அழுக்குண்மையாலன்று. அமுது படைத்தல் பசியுண்மையாலுமன்று. அவ்வாறே விளக்குச் சுற்றுதலும் செய்வார் நெஞ்சை நெகிழ்விப்பதாய், அவர் மலநீக்கத்திற்குத் துணையாவது. கழிவது நம் கண்ணேறே என்க.

இனி நகரத்து ஆடல் நோக்குவாம். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற ருக்மிணிதேவி அம்மையார் 1935-ல் அடையாற்றில் அரங்கேறினார். 1936-ல் கலாட்சேத்திரத்தைத் தோற்றுவித்தார். 1947-ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சட்டம் பொட்டுக்கட்டுதலைத் தடுத்தது. தம் இசைவறியாச் சிறுமியரை ஒரு வாழ்விற் பிணித்தல் அறமன்றாதலின் அத்தடை வேண்டுவதே. எனினும் பணி கோயிலில் நின்றொழிய, ஆடல் மட்டும் நகரத்தே புகழெய்தியது. அதனைப் பன்னெடுங்காலம் காத்த குடிமகளிர்க்கோ பழியே எஞ்சிற்று. ஆடலைப் போற்றி அதனை அளித்தாரை இகழ்தல் நன்றிகொன்ற செயலாம். சைவராகிய நாமும் இப்பிழைக்கு முற்றும் புறம்பானவரல்லேம்.

மேடையில் நடராசப்பெருமான் திருவுருவை எழுந்தருளச் செய்தலானே ஆட்டம் வழிபாடாய்விடும் என்பார் உளர். கோயிலில் ஆடுவாள் இறைவனை நோக்கி ஆடினாள். அரங்கில் ஆடுவாள் அவையை நோக்கி ஆட, திருவுருவம் ஒருபுடையே நிற்கும். இவ்வேறுபாட்டை மறைத்தல் வேண்டா. அரங்காடல் கலையே, கலையாதல் இழுக்குமன்று. ஆயின் பெருமானது ஆடற்கோலத்தைக் காட்டப்புகுவார் அதன் பொருளையும் கற்றல் கடன். துடி படைத்தலையும், அபயக்கை காத்தலையும், தீ அழித்தலையும், ஊன்றிய தாள் மறைத்தலையும், தூக்கிய தாள் அருளலையும் குறிக்குமென உண்மை விளக்கம் தெளிவிக்கின்றது. அடவோடு இதனையும் பயிற்றுவிக்கும் ஆசிரியரே அவ்வாடலை முற்றக் கற்பித்தவராவர்.

காண்பார்க்கும் கடனுண்டு. காரைக்காலம்மையார் திருவாலங்காட்டில் ஆடியவரல்லர். ஐயன் ஆடக் கண்டு திருவடிக்கீழ்ப் பாடியிருந்தவர். கண்டே பெறும் பேறும் உண்டென்பதற்கு அவரே சான்று. ஆதலின் நகரத்தே ஆடல் பயிலும் இளையோரும் அவர்தம் பெற்றோரும் ஒருமுறையேனும் ஆலங்காட்டையும் தணிகையையும் வந்து வணங்குக. ஆண்டுப் பணிசெய்து மறைந்த மகளிரையும் நன்றியோடு நினைக.

திருச்சிற்றம்பலம்.