உதிரப்போக்கும் சாலைத் தொலைவும்

நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு 500 முதல் 700 மில்லி இரத்தம் பாய்கிறது. குழந்தையும் நஞ்சுக்கொடியும் வெளிவந்த பிறகு கருப்பை இறுகாவிட்டால், ஒரு தாயின் உயிருக்கு மிஞ்சுவது நிமிடங்கள்தான். தொடைத் தமனி வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே கருப்பைத் தமனியை எட்டி, ஜெலட்டின் துணுக்குகளால் அதை அடைக்கும் சிகிச்சை 1979இல் முதன்முதலாக மருத்துவ இதழில் பதிவானது. துணுக்குகள் சில வாரங்களில் கரைந்துவிடும்; கருப்பை தப்பும். பத்தில் ஒன்பது பேருக்கு இரத்தம் நின்றுவிடுகிறது. ஆனால் அந்த ஒன்பது பேரும் இந்தக் குழாய்ச் சிகிச்சை நடக்கும் கேத் லேப் மேசைவரை உயிரோடு வந்து சேர்ந்தவர்கள். மருந்துகளுக்கும் அடங்காத உதிரப்போக்குக்கு 2012இல் இதைப் பரிந்துரைத்த உலக சுகாதார நிறுவனமும், வசதி இருக்கும் இடத்தில் மட்டும் என்றே வரம்பிட்டது.

ஆகவே தாய்மாரைக் காப்பதில் இலங்கையையும் இந்தியாவையும் ஒப்பிடும்போது எத்தனை கருவிகள் என்று எண்ணுவதில் பயனில்லை. இலங்கையிலும் இந்தச் சிகிச்சை சில பெரிய மருத்துவமனைகளுக்குள்தான் அடங்கியிருக்கிறது. அங்கே தாய்மாரைக் காப்பது அதற்கு முந்திய படிகள்: கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே வீடு தேடி வந்து பெயர் பதியும் குடும்பநல உத்தியோகத்தர், நிபுணர் இருக்கும் மருத்துவமனையில் பிரசவம், ஒவ்வொரு தாய் மரணத்துக்கும் கட்டாய விசாரணை. ஆந்திரம் வேறு பக்கத்திலிருந்து தொடங்கியது. 108 ஆம்புலன்ஸ் 2005இல் பிறந்தது, அன்று பிரிக்கப்படாதிருந்த அந்த மாநிலத்தில்தான். வண்டி வருகிறது, விரைகிறது. ஆனால் இரத்தம் கொட்டத் தொடங்கிய பிறகுதான் அழைப்பே போகிறது. அங்கே சித்தூர் மாவட்டத்துப் புத்தலப்பட்டிலிருந்து நாயுடுபேட்டைச் சாலையில் திருப்பதியின் அரசு மகப்பேறு மருத்துவமனைக்குப் போகலாம். சித்தூர் வழியாக வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கும் போகலாம். இரண்டும் எட்டாத தூரமல்ல. ஆனால் நிமிடக் கணக்கில் வடியும் உதிரத்துக்கு அந்தத் தூரமும் அதிகம்.

இலங்கை சிறு தீவு, அதை ஆந்திரத்தோடு ஒப்பிடலாமா என்று கேட்கலாம். லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 2018–20இல் இந்தியாவில் 97 தாய்மார் இறந்தார்கள், ஆந்திரத்தில் 45. இலங்கையின் எண் முப்பதை ஒட்டியது. ஆந்திரம் இந்தியச் சராசரியைவிட இலங்கைக்கே நெருக்கமாக நிற்கிறது. கருப்பையை அகற்றிவிட்டால் போதாதா என்பது இன்னும் கனமான கேள்வி. தாய் சரிந்துகொண்டிருக்கும்போது அதுவே சரி. அப்போது கேத் லேபுக்காகக் காத்திருப்பது கொலைக்குச் சமம். ஆனால் தேசியக் குடும்பநல ஆய்வின்படி 2019–21இல் ஆந்திரப் பிரசவங்களில் 42 விழுக்காடு சிசேரியன். பழைய தழும்பின்மேல் நஞ்சுக்கொடி ஆழ வேரூன்றும் ஆபத்து அதனால் கூடுகிறது. இந்த ஆபத்தை ஸ்கேன் பல வாரங்களுக்கு முன்பே காட்டிவிடக்கூடும். முன்பு சிசேரியன் ஆகி, நஞ்சுக்கொடி கீழிறங்கியும் இருக்கும் புத்தலப்பட்டுப் பெண்ணை வலி வரும்வரை ஊரில் வைத்திருக்கக் கூடாது. தமனி அடைப்பும் இரத்த வங்கியும் அறுவை அரங்கும் ஒரே கூரையின்கீழ் இருக்கும் இடத்தில், குறித்த நாளுக்கு முன்பே அவளைச் சேர்க்க வேண்டும். எதிர்பாராமல் கொட்டும் உதிரத்துக்கு ஆக்சிடோசினும், மூன்று மணி நேரத்துக்குள் டிரானெக்சாமிக் அமிலமும், வங்கதேசத்து மருத்துவர் சயேபா அக்தர் ஆணுறையும் கதீட்டரும் கொண்டு உருவாக்கிய பலூனும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இருந்தாக வேண்டும். அந்த பலூன் கருப்பைக்குள் இருந்தால்தான், ஆம்புலன்ஸில் ஏறும் பெண் திருப்பதி மருத்துவமனையின் வாசலைத் தாண்டும்போது அவளது நாடி பிடிபடும்.