பலகை மாறட்டும், பயிற்சி நிற்க வேண்டாம்

1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக், பெண்கள் 400 மீட்டர் தடை ஓட்டம். பி.டி. உஷா 55.42 விநாடி, வெண்கலம் வென்ற ருமேனிய வீராங்கனை 55.41. அந்த இழப்பை நாம் மறக்கவில்லை. ஆனால் அதே ஒலிம்பிக் மிச்சம் வைத்த பணம் என்ன ஆனது என்பதை நம் பக்கம் அதிகம் பேசியதில்லை.

செலவு போக சுமார் 23 கோடி டாலர் நின்றது. அதில் 40 சதவீதத்தை, ஏறக்குறைய 9.3 கோடி டாலரை, தெற்குக் கலிபோர்னியச் சிறுவர்களின் விளையாட்டுக்கென ஒதுக்கினார்கள். அதை நிர்வகிக்க உருவான லாப நோக்கமற்ற அமைப்புக்கு அமெச்சூர் அத்லெட்டிக் ஃபவுண்டேஷன் என்று பெயர். 2007-ல் அது எல்ஏ84 ஃபவுண்டேஷன் ஆனது. முதலீடு அதே முதலீடு. கிளப்புகளுக்கு நிதி, பயிற்சியாளர்களுக்குப் பயிற்சி என்ற வேலையும் அதேதான். பணம் எங்கிருந்து வந்தது என்பதைப் புதுப் பெயர் வெளிப்படையாகச் சொன்னது. நல்ல பெயர் மாற்றத்துக்கு இது ஒரு வகை.

இன்னொரு வகை நம் நாட்டிலேயே உண்டு. 2018-ல் டெல்லியில் நடந்த கேலோ இந்தியா பள்ளி விளையாட்டு, 17 வயதுக்கு உட்பட்டவர்களுக்கானது. மறு ஆண்டு புனேயில் அது இளைஞர் விளையாட்டு ஆனபோது 21 வயதுப் பிரிவும் சேர்ந்தது. பிளஸ் டூ முடித்ததும் ஸ்பைக்ஸைக் கழற்றி வைக்கும் பிள்ளைகளுக்கு இன்னும் சில ஆண்டுகள் கிடைத்தன. 2024 ஜனவரியில் தமிழகமே இந்தப் போட்டியை நடத்தியது. கோவையும் ஒரு களம். 38 தங்கத்துடன் நாம் இரண்டாம் இடம் பிடித்தோம்.

இரண்டு மாற்றங்களிலும் பலன் சிறுவர்களுக்கே போனது. ஒன்றில் கிடைத்துவந்த உதவி அறுபடவில்லை, மற்றதில் புதிய வாசல் திறந்தது. கிணத்துக்கடவிலிருந்து பார்த்தால் இது தூரத்துக் கதை அல்ல. இங்கே ஓடும் பிள்ளைக்கு சிந்தெடிக் டிராக் வேண்டுமென்றால் இருபது கிலோமீட்டருக்கு மேல் பஸ் ஏறி கோவை நேரு ஸ்டேடியம் போக வேண்டும். குறுவட்டப் போட்டியில் ஜெயித்தவளை மாவட்டம் வரை கொண்டுசெல்வது பி.டி. சாரின் விடாமுயற்சிதான். இப்படிப்பட்ட ஊரில் ஓர் அத்லெட்டிக் டிரஸ்ட் நன்கொடையாளருக்காகவோ நிர்வாகம் மாறியதாலோ பெயரை மாற்றினால், பெற்றோர் மூன்று கேள்வி கேட்க வேண்டும். பழைய கோச் தொடர்கிறாரா? பஸ் செலவும் ஷூவும் முன்போலக் கிடைக்குமா? சேரும் வயதும் கட்டணமும் மாறுகிறதா?

400 மீட்டர் தடை ஓட்டத்தில் தடைக்கும் தடைக்கும் இடையே எத்தனை அடி வைப்பது என்ற கணக்கு உடம்பில் ஊறவே ஆண்டுகள் ஆகும். நடுவில் கோச் போய்விட்டால் அந்தப் பிள்ளை இழப்பது ஒரு சீசனை மட்டுமல்ல. உஷா தவறவிட்டது நூறில் ஒரு பங்கு விநாடி. அதை ஈட்டித்தருவது தடையில்லாத பயிற்சிதான். எனவே பெயர் மாற்றும் விழாவில் மேடையிலேயே அந்த மூன்று கேள்விகளுக்கும் நிர்வாகிகள் எழுத்தில் பதில் தரட்டும். தந்தால், புதுப் பெயருக்கு முதல் கைதட்டல் நம்முடையதாக இருக்கட்டும்.