இஸ்தானா நெகாரா வாசலில் சீருடை பார்ப்பது

நல்ல சீருடை பார்க்க செலாயாங்வாசிகள் ஆகஸ்டு 31 தேசிய தின அணிவகுப்பு வரை காத்திருக்க வேண்டியதில்லை. காரை எடுத்து ஜாலான் கூச்சிங் வழியே இறங்கினால் இஸ்தானா நெகாரா. அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் குதிரைமேல் இருக்கும் வீரரோடு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் கொஞ்சம் நின்று, வெள்ளை உடுப்பில் காவல் நிற்பவரைப் பாருங்கள்.

அவர் அரச மலாய் ரெஜிமெண்ட்காரர். 1933 மார்ச் 1 அன்று போர்ட் டிக்சனில் 25 பேரோடு தொடங்கிய படை அது. துப்பாக்கியும் டிரில்லும் வெள்ளைக்காரன் கொடுத்தவை. சடங்கு உடுப்போ மண்ணோடு ஒட்டியது: பாஜு மெலாயு, தலையில் சொங்கோக் தொப்பி, இடுப்பில் சம்பிங் துணி. பெருநாளுக்கும் கல்யாணத்துக்கும் உடுத்துவதையே காவலுக்கும் உடுத்துகிறார்கள். இந்த நாட்டின் அழகான சீருடை எதுவென்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். ரெஜிமெண்டின் மூன்று நிறங்களையும் தேடுங்கள். மஞ்சள் அரசருக்கு, பச்சை இஸ்லாத்துக்கு, சிவப்பு வீரத்துக்கு. பலர் வரிசையாக நிற்கும்போது பக்கவாட்டில் போய் நின்று சம்பிங்கின் கீழ் விளிம்பைக் கவனியுங்கள். எல்லாருக்கும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதிலேயே பாதி ரசனை இருக்கிறது.

மீதிப் பாதி நடையில். 1942 பிப்ரவரி 14, சிங்கப்பூரின் புக்கிட் சண்டு. ஜப்பானியர் சிலர் பஞ்சாபிச் சிப்பாய்கள் போலத் தலைப்பாகை கட்டி வந்தார்கள். இந்த ரெஜிமெண்டின் லெப்டினன்ட் அட்னான் சைடிக்குச் சந்தேகம் தட்டியது. பிரிட்டிஷ் படை மும்மூன்று பேராக நடக்கும். வந்தவர்கள் நான்கு நான்காக நடந்தார்கள். உடுப்பு சரியாக இருந்தும் கால் காட்டிக்கொடுத்துவிட்டது. அதனால் அணிவகுப்புக்குப் போனால் முதலில் கால்களைப் பாருங்கள், பதக்கங்களை அப்புறம் பார்க்கலாம். இன்னொன்று: பிரிட்டிஷ் வழிவந்த படைகளில் தலையில் தொப்பி இல்லாதவர் கை தூக்கி சல்யூட் அடிப்பதில்லை, விறைப்பாக நிற்பதோடு சரி. இதைத் தெரிந்துகொண்டால், அவர் மரியாதை தரவில்லை என்று தவறாக நினைக்கமாட்டீர்கள்.

நம்மவர்களின் சீருடையைப் பார்க்கப் பழைய புகைப்படங்களுக்குப் போக வேண்டும். 1943இல் நேதாஜி அமைத்த ஜான்சி ராணி படையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலாயாத் தமிழ்ப் பெண்கள். கோலாலம்பூரில் பிறந்த ஜானகி தேவர் கூட்டத்திலேயே தங்கத் தோடுகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சேர்ந்தவர். அங்கே சேலை இல்லை; காக்கிச் சட்டை, கால்சட்டை, சாய்த்து வைத்த தொப்பி. மலாய் ரெஜிமெண்ட் தன் துணியை வைத்துக்கொண்டு சிப்பாயானது. நம் பெண்கள் தங்கள் துணியை விட்டுச் சிப்பாயானார்கள். அந்தப் படங்களில் முகங்களைப் பார்த்ததும் நகர்ந்துவிடாமல் இடுப்புப் பட்டியையும் நிற்கும் தோரணையையும் பாருங்கள். தோட்டத்தில் சேலையோடு பால்மரம் வெட்டிய பெண்களும் அந்த வரிசையில் இருந்தார்கள். பயிற்சியில் தோளும் முதுகும் எவ்வளவு மாறும் என்பது அங்கே தெரியும்.